ஒரு மூலக்கூறுக்குச் சூடு உண்டா?



சுடச்சுட ஒரு குவளை தே தாரிக் உங்கள் முன்னே இருக்கிறது. குவளையைத் தொட்டால் விரல் சுடுகிறது. அந்தத் தேநீரில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீரோ கோடானுகோடி மூலக்கூறுகளின் கூட்டம். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு நீர் மூலக்கூறை மட்டும் தனியே எடுத்து வைத்தால், அது சூடாக இருக்குமா?

'இருக்கும்' என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். சூடான பொருளின் ஒவ்வொரு துண்டும் சூடாகத்தானே இருக்க வேண்டும்? கொஞ்சம் பொறுங்கள். இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. எதையும் அதன் மிகச் சிறிய பகுதிகளைக் கொண்டே முழுமையாக விளக்கிவிட முடியுமா? இயற்பியலாளர்களும் மெய்யியலாளர்களும் இதைப் பற்றி இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரம் நாமும் அந்த வாதத்துக்குள் நுழைந்து பார்ப்போம்.

வெப்பம் என்பது என்ன?

18ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் பலர் வெப்பத்தை ஒரு பாய்மம் என்று கருதினார்கள். கண்ணுக்குத் தெரியாத, எடையில்லாத அந்தப் பாய்மத்துக்குக் 'கலோரிக்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குக் கலோரிக் பாய்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

ஜெர்மனியின் மூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களுக்குத் துளையிடும் வேலையைக் கவனித்து வந்த ரம்ஃபோர்ட் பிரபுவுக்கு இதில் ஓர் ஐயம் எழுந்தது. துளையிடத் துளையிட உலோகம் ஓயாமல் சூடாகிக்கொண்டே இருந்தது. உலோகத்துக்குள் அடைபட்டிருக்கும் பாய்மம் என்றால் அது எப்போதாவது தீர்ந்துபோக வேண்டும் அல்லவா? தீரவில்லை. ஆகவே வெப்பம் ஒரு பொருளல்ல, அது ஒருவகை இயக்கம் என்று 1798இல் அவர் எழுதினார். 1840களில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல், விழும் எடைகளைக் கொண்டு நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, இயக்கத்தால் நீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்து காட்டினார்.

எதன் இயக்கம் அது? மேக்ஸ்வெல், போல்ட்ஸ்மன் ஆகிய இருவரும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதற்குக் கணக்கு வழியில் விடை தந்தார்கள். மூலக்கூறுகளின் இயக்கம்! நீங்கள் அமர்ந்திருக்கும் அறையில் காற்றின் மூலக்கூறுகள் சராசரியாக விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பாய்ந்துகொண்டிருக்கின்றன. இந்த ஒழுங்கற்ற ஓட்டத்தின் சராசரி இயக்க ஆற்றலைத்தான் வெப்பநிலை காட்டுகிறது.

அழுத்தத்தையும் இப்படியே விளக்கலாம். தகரக் கூரையில் அடைமழை பெய்யும்போது ஒவ்வொரு துளியின் ஒலியும் தனித்தனியாகக் கேட்பதில்லை. ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். கொள்கலனின் சுவரில் மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதுவதும் அப்படித்தான். அந்த மோதல்களின் மொத்த விளைவே அழுத்தம். இப்போது வெப்பநிலையை மாற்றாமல் வாயுவைப் பாதி இடத்துக்குள் அடக்குங்கள். அதே மூலக்கூறுகள் பாதி இடத்தில் நெருங்கி இருப்பதால், சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் மோதல்கள் இருமடங்காகின்றன. அழுத்தமும் இருமடங்காகிறது. இயற்பியல் வகுப்பில் நீங்கள் மனப்பாடம் செய்யும் பாயில் விதி இதுதான். மனப்பாடம் செய்த விதிக்கு இப்போது காரணமும் கிடைத்துவிட்டது.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீரையும் இன்னொன்றில் சூடான நீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். இரண்டையும் சில நிமிடங்கள் அசைக்காமல் வைத்துவிட்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரு சொட்டு மை விடுங்கள். கலக்க வேண்டாம். எந்தக் குவளையில் மை விரைவாகப் பரவுகிறது? சூடான நீரில் உண்டாகும் நீரோட்டமும் மையைப் பரப்ப உதவும். ஆனாலும் வேகமாக ஓடும் மூலக்கூறுகள் மையை இடித்துத் தள்ளுவதை நீங்கள் ஏறக்குறைய நேரில் பார்க்கிறீர்கள்.

பெரிய விதிக்கும் சிறிய விதிக்கும் ஒரு பாலம்

மேலே பார்த்ததைக் கவனியுங்கள். வெப்பநிலை, அழுத்தம் ஆகியவை பெரிய பொருள்களைப் பற்றிய சொற்கள். வேகம், நிறை, மோதல் ஆகியவை மூலக்கூறுகளைப் பற்றிய சொற்கள். முதல் வகைச் சொற்களால் எழுதிய விதியை இரண்டாம் வகைச் சொற்களால் எழுதிய விதியிலிருந்து வருவித்துவிட்டோம். இதை ஆங்கிலத்தில் 'ரிடக்‌ஷன்' என்பார்கள். நாம் 'குறுக்கல்' என்று சொல்லலாம். ஓர் அறிவியலை அதற்கு அடியிலுள்ள இன்னோர் அறிவியலுக்குள் அடக்கிக் காட்டுவது என்று பொருள்.

அமெரிக்க மெய்யியலாளர் எர்னஸ்ட் நேகல் 1961இல் வெளியிட்ட தம் நூலில் இதற்குத் தேவையான ஒன்றைச் சுட்டிக்காட்டினார். மூலக்கூறுகளின் விதிகளில் 'வெப்பநிலை' என்ற சொல்லே கிடையாது. ஆகவே இரண்டு கரைகளையும் இணைக்க ஒரு பாலம் வேண்டும். 'வெப்பநிலை என்பது சராசரி இயக்க ஆற்றலைப் பொறுத்தது' என்ற வாக்கியமே அந்தப் பாலம். பாலம் இல்லாமல் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக முடியாது.

குறுக்கல் மனித அறிவின் மாபெரும் வெற்றிகளில் ஒன்று. 1900ஆம் ஆண்டு வாக்கில்கூட, ஆஸ்திரிய அறிஞர் எர்னஸ்ட் மாக் போன்றோர் அணுக்கள் உண்மையில் இருப்பதாக ஏற்கவில்லை. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஏன் தாமாகத் துடித்தாடுகின்றன என்பதற்கு 1905இல் ஐன்ஸ்டைன் மூலக்கூறு மோதலைக் கொண்டு விளக்கம் தந்தார். பிரான்சின் ஜான் பெரான் 1908 முதல் செய்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தின. அதற்குப் பின் அணுக்களை மறுக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

அப்படியானால் ஒரே ஒரு மூலக்கூறு?

இப்போது நம் முதல் கேள்விக்குத் திரும்புவோம். ஒற்றை மூலக்கூறுக்கு வேகம் உண்டு. இயக்க ஆற்றல் உண்டு. வெப்பநிலை உண்டா?

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் இ.டி.எஸ். ரயில் ஓடுகிறது. அதில் ஒரு பெட்டி நிறையப் பனிக்கட்டி இருக்கிறது. பனிக்கட்டியின் எல்லா மூலக்கூறுகளும் ரயிலோடு சேர்ந்து அதே வேகத்தில் பாய்கின்றன. அதற்காகப் பனிக்கட்டி சூடாகிவிடுகிறதா? இல்லை. காரணம், அது எல்லா மூலக்கூறுகளும் ஒரே திசையில் சேர்ந்து செல்லும் ஓட்டம். வெப்பநிலை என்பதோ பல மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி, ஆற்றலைப் பகிர்ந்துகொண்டு, பல திசைகளில் பல வேகங்களில் அலைவதைப் பற்றிய பேச்சு. ஒன்றே ஒன்று இருக்கும்போது பகிர்வும் இல்லை, பரவலும் இல்லை.

ஆகவே விடை இதுதான்: தன்னந்தனியாக நிற்கும் ஒரு மூலக்கூறு சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. சூடு என்பது கூட்டத்தின் பண்பு. அதேபோல ஒற்றை நீர் மூலக்கூறு திரவமும் அல்ல, பனிக்கட்டியும் அல்ல. உறுப்பிடம் இல்லாத ஒரு பண்பு கூட்டத்தில் தோன்றுவதை ஆங்கிலத்தில் 'எமர்ஜென்ஸ்' என்பார்கள். மொட்டிலிருந்து மலர் முகிழ்ப்பது போல என்று எண்ணி, நாம் இதை 'முகிழ்த்தல்' என்போம்.

இங்கே மாயம் எதுவும் இல்லை. வெப்பநிலை முகிழ்த்த பண்பு. ஆனாலும் அதை மூலக்கூறுகளைக் கொண்டே விளக்கிவிட்டோம். குறுக்கலும் முகிழ்த்தலும் எதிரிகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிறகு வாதம் எங்கே வருகிறது?

46 ஆண்டுகள் காத்திருந்த விடை

1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கமர்லிங் ஓனஸ் என்ற அறிஞரின் ஆய்வகத்தில், பாதரசத்தை ஏறக்குறைய மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தார்கள். அதன் மின்தடை திடீரென்று மறைந்துவிட்டது. குறைந்ததல்ல, மறைந்தே போனது. இதற்கு மீக்கடத்தல் என்று பெயர்.

1926 வாக்கில் எலக்ட்ரான்கள் எந்த விதிப்படி நடக்கின்றன என்பதைக் குவாண்டம் இயற்பியல் கண்டுபிடித்துவிட்டது. 1929இல் பிரிட்டனின் பால் டிராக், இயற்பியலின் பெரும்பகுதிக்கும் வேதியியல் முழுவதற்கும் வேண்டிய அடிப்படை விதிகள் கிடைத்துவிட்டன, அவற்றின் சமன்பாடுகளைத் தீர்ப்பது கடினமாக இருப்பதுதான் மிச்சம் என்ற கருத்தை எழுதினார்.

அடிப்படை விதி கையில் இருக்கிறது. மீக்கடத்தலும் எலக்ட்ரான்களின் வேலைதான். அப்படியானால் விடை உடனே கிடைத்திருக்க வேண்டுமே? கிடைக்கவில்லை. ஐன்ஸ்டைன், போர், ஹைசன்பர்க், ஃபைன்மன் என்று மாமேதைகள் பலர் வெவ்வேறு காலங்களில் முயன்று பார்த்தும் வெற்றி கிட்டவில்லை. 1957இல்தான் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவர் விடை கண்டார்கள். கடுங்குளிரில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைகின்றன. அந்த இணைகள் அனைத்தும் ஒரே உடல் போலச் சேர்ந்து இயங்குகின்றன. தனி எலக்ட்ரான் ஒன்றை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த எண்ணம் தோன்றியிருக்காது.

'பெரிய கணினி இருந்திருந்தால் அப்போதே கணக்கிட்டிருக்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு துகளுக்கும் இரண்டே நிலைகள் என்று வைத்துக்கொண்டாலும், 300 துகள்களின் குவாண்டம் நிலையை முழுமையாக எழுத 2ஐ 300 முறை பெருக்கி வரும் அளவுக்கு எண்கள் தேவை. நம்மால் காணக்கூடிய பேரண்டத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைவிட அது பெரியது. வெறும் 300 துகளுக்கே இந்த நிலை. ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் ஏறக்குறைய 1.7 × 10²³ மூலக்கூறுகள் இருக்கின்றன. விநாடிக்குப் பத்து லட்சம் வீதம் எண்ணினால்கூட எண்ணி முடிக்க 500 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பூமியின் வயதே ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகள்தான்!

247 எழுத்தும் ஒரு குறளும்

அமெரிக்க இயற்பியலாளர் ஃபிலிப் ஆண்டர்சன் 1972இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். எண்ணிக்கை கூடும்போது தன்மையே மாறிவிடுகிறது என்பது அதன் சாரம். அவர் இரண்டு கூற்றுகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்.

ஒன்று: எல்லாப் பொருளும் அடிப்படை விதிகளுக்குக் கட்டுப்பட்டே நடக்கின்றன. இரண்டு: அடிப்படை விதிகள் தெரிந்தால் போதும், அவற்றிலிருந்து தொடங்கி உலகம் முழுவதையும் கட்டி எழுப்பிவிடலாம். முதலாவதை ஆண்டர்சன் ஏற்றுக்கொண்டார். இரண்டாவது அதிலிருந்து தானாக வந்துவிடாது என்றார்.

நம் மொழியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். தமிழில் எழுத்துகள் 247. திருக்குறள் முழுவதும் இந்த எழுத்துகளால் ஆனது. வேறெதுவும் அதில் இல்லை. ஆனால் 247 எழுத்தையும் கற்றுவிட்ட குழந்தையால் ஒரு குறளை இயற்றிவிட முடியுமா? எழுத்துக்கு மேலே சொல், சொல்லுக்கு மேலே தொடர், அதற்கும் மேலே யாப்பு என்று ஒவ்வொரு படியிலும் புதிய இலக்கணம் வருகிறது. மேல்படியின் இலக்கணம் கீழ்ப்படியை மீறுவதில்லை. ஆனால் கீழ்ப்படியை மட்டும் படித்தால் மேல்படி தெரிந்துவிடுவதும் இல்லை. துகள் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றுக்கு இடையிலும் இத்தகைய உறவுதான் இருக்கிறது என்பது ஆண்டர்சனின் வாதம்.

விவரங்கள் மறைந்துபோகும் இடம்

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். தண்ணீரை மூடிய கலனில் உயர் அழுத்தத்தில் சூடாக்கிக்கொண்டே போனால், ஏறக்குறைய 374 டிகிரியில் திரவம் எது, ஆவி எது என்ற வேறுபாடே மறைந்துவிடும். இதற்கு மாறுநிலைப் புள்ளி என்று பெயர். ஒவ்வொரு பொருளுக்கும் இந்தப் புள்ளி வெவ்வேறு வெப்பநிலையில் வரும்.

1945இல் குகன்ஹைம் என்ற அறிஞர் நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் ஆகிய எட்டுப் பொருள்களின் அளவீடுகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் அதனதன் மாறுநிலைப் புள்ளியோடு ஒப்பிட்டு ஒரே வரைபடத்தில் குறித்தார். எட்டின் புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே வளைகோட்டில் வந்து அமர்ந்தன! சிலவகைக் காந்தங்கள் சூடேறித் தம் காந்தத்தன்மையை இழக்கும்போதும் இதே எண் விதியைப் பின்பற்றுகின்றன என்பது பின்னர் தெரிந்தது. ஆர்கான் ஓர் அணு, மீத்தேன் ஐந்து அணுக்களின் கூட்டு, காந்தமோ திடப்பொருள். இவை ஏன் ஒரே பாடலைப் பாட வேண்டும்? 1971இல் கென்னத் வில்சன் இதற்குக் கணித விளக்கம் தந்தார். அதற்காக 1982இல் நோபல் பரிசும் பெற்றார். மாறுநிலைப் புள்ளிக்கு அருகே நுண்ணிய விவரங்களில் பெரும்பாலானவை விளைவைப் பாதிப்பதில்லை என்று அவர் கணக்கு காட்டியது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு சாரார், 'வில்சனின் கணக்கும் அடிப்படை இயற்பியலிலிருந்துதானே வந்தது, ஆகவே இதுவும் குறுக்கல்தான்' என்கிறார்கள். மற்றொரு சாரார், 'துகளின் விவரம் தேவையே இல்லை என்பதுதான் இங்கே விளக்கம், அதைத் துகளுக்குள் தேடுவது எப்படிப் பொருந்தும்?' என்கிறார்கள். இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

வாதம் நாடாளுமன்றம் வரை போனது

இது வெறும் சொற்போர் அல்ல. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 87 கிலோமீட்டர் சுற்றளவில் மாபெரும் துகள் முடுக்கி ஒன்றைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். மக்கள் பணம் கோடிக்கணக்கில் தேவைப்பட்டது. நோபல் பரிசு பெற்ற ஸ்டீவன் வைன்பர்க் அதற்கு ஆதரவாக நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். எந்தப் பொருளைப் பற்றியும் 'ஏன்?' 'ஏன்?' என்று கேட்டுக்கொண்டே போனால், அந்தக் கேள்விகள் எல்லாம் கடைசியில் துகள் இயற்பியலையே சுட்டுகின்றன, ஆகவே அதற்கு ஒரு தனியிடம் உண்டு என்பது அவர் நிலைப்பாடு. இன்னொரு நோபல் அறிஞரான ஆண்டர்சன் அதை எதிர்த்தார். மற்றத் துறைகளின் விதிகளும் தம்மளவில் அடிப்படையானவையே, ஒரு துறைக்கு மட்டும் இவ்வளவு பணத்தைக் கொட்டுவது சரியல்ல என்றார். செலவு ஏறிக்கொண்டே போனது. அரசியல் காரணங்களும் சேர்ந்துகொண்டன. ஏறக்குறைய 200 கோடி டாலர் செலவான பிறகு, 1993 அக்டோபரில் திட்டம் கைவிடப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 27 கிலோமீட்டர் முடுக்கியைக் கட்டி, 2012இல் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்தது. துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதோடு தொடர்புடைய அந்தக் கருத்துக்கான முக்கியமான துப்பு 1963இல் வந்த ஒரு கட்டுரையில் இருந்தது. அது மீக்கடத்திகளை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த துப்பு. எழுதியவர் வேறு யாருமல்ல, அதே ஆண்டர்சன்! அதுமட்டுமா? செர்ன் முடுக்கியில் துகள்களை வளைத்துச் செலுத்தும் 1232 பெரிய காந்தங்களும் மீக்கடத்தலால்தான் வேலை செய்கின்றன. மிகச் சிறியதைக் காண, கூட்டத்தின் அறிவியல் தேவைப்பட்டது. கூட்டத்தை விளக்க, மிகச் சிறியதன் விதிகள் தேவைப்பட்டன.

நமக்கு என்ன பயன்?

மாணவர்களே, படிவம் நான்கில் பாடங்களைத் தேர்வு செய்யும்போது, 'இயற்பியல்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, மற்றவை எல்லாம் அதன் கிளைகள்' என்று யாராவது சொல்லலாம். 'உயிரைப் பற்றி இயற்பியலுக்கு என்ன தெரியும்?' என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'அதனால் ஆனது' என்பதும் 'அதைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்' என்பதும் ஒன்றுதானா? உங்கள் உடல் அணுக்களால் ஆனது. உங்கள் இதயத்தின் எந்தத் துடிப்பும் இயற்பியல் விதியை மீறவில்லை. ஆனால் அந்தத் துடிப்பைப் புரிந்துகொள்ள உயிரணு, தசை, இரத்த ஓட்டம் என்ற சொற்கள் வேண்டும். அந்தச் சொற்களைக் கண்டுபிடிப்பதும் அறிவியல்தான்.

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரே வெப்பநிலையில் உள்ள ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய இரண்டில் எதன் மூலக்கூறுகள் வேகமாக ஓடும்? ஏன்?

2. நெடுஞ்சாலை நெரிசலில் கார்கள் முன்னோக்கி நகர்கின்றன. ஆனால் நெரிசல் பின்னோக்கி நகர்வது உண்டு. அப்படியானால் 'நெரிசல்' என்பது எந்தக் காரில் இருக்கிறது?

3. சர்க்கரையின் இனிப்பு அதன் ஒற்றை மூலக்கூறில் இருக்கிறதா, நாக்கில் இருக்கிறதா, இரண்டும் சேருமிடத்தில் இருக்கிறதா?

4. பனிக்கட்டியின் ஒவ்வொரு மூலக்கூறையும் கணக்கிட்டு, 'இது 0 டிகிரியில் உருகும்' என்று ஒரு கணினி சரியாகச் சொல்லிவிட்டது. அது ஏன் உருகுகிறது என்பதை நாம் புரிந்துகொண்டுவிட்டோம் என்று சொல்லலாமா?

நான்காவது கேள்விக்கு விடை எழுதும் முன் நண்பர் ஒருவரோடு வாதாடிப் பாருங்கள். தே தாரிக் ஆறுவதற்குள் வாதம் முடிந்துவிடாது.